பிள்ளை காட்டும் வேலை

ஜூன் 9, திங்கள்

மேட்ரனம்மா இன்று எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். உட்கார வைத்துப் பேசினால் யாருக்காவது பிரிவு உபசாரம் என்று அர்த்தம். நிற்க வைத்துப் பேசினால் எல்லோருக்கும் தலைவலி.

ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று வாங்கப் போகிறார்களாம். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்களாம். நோயாளியைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் கையில் ஒரு படிப்பு இருக்க வேண்டுமாம். இந்த வருடக் கடைசிக்குள் ‘நோயாளி உதவியாளர்’ சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆஸ்பத்திரியே நேராகச் சம்பளம் கொடுக்கும். கோட்டு, பி.எஃப்., சம்பள உயர்வு எல்லாம் உண்டு. வாங்காதவர்கள் துப்புரவு கான்ட்ராக்டருக்குக் கீழே போய்விட வேண்டும். அவன் எங்கே நிற்கச் சொல்கிறானோ அங்கேதான் நிற்க வேண்டும். மாலை வகுப்பு மூன்று மாதம், பயிற்சி ஒரு மாதம். பத்தாவது தேறியிருக்க வேண்டும்.

பிரசவ வார்டு ஆயாக்களில் பத்தாவது தேறியவள் நான் ஒருத்திதான். ஆவுடையக்கா ஐந்தாவதோடு சரி. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “நீ போய்ப் படிச்சுக் கலெக்டரா வாட்டி மாடத்தி. வந்ததும் எனக்கு மொதக் கையெழுத்தா முதியோர் பென்ஷன் போட்டுக் குடு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் புத்தகத்தை எடுப்பதற்குக்கூட நான் பயப்படவில்லை. கான்ட்ராக்டர் என்னை அந்த வார்டிலிருந்து வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவானோ என்றுதான் பயம். படித்தால் அங்கேயே இருக்கலாம். அதனால் படிக்கிறேன்.

ஜூன் 10

இந்த டைரி மருந்து கம்பெனிக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருமல் மாத்திரை விளம்பரம். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அப்படி என்ன அந்த வார்டில் கொட்டிக் கிடக்கிறது என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். படிக்கப் போவது யாருமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து, துடைத்து, எடை போட்டு, துணியில் சுற்றியதும் சிஸ்டர் என் கையில் கொடுப்பார். நான் கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போவேன். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். மந்திரி வந்தால்கூட அப்படி எழுந்திருக்க மாட்டார்கள். துணியை விலக்கி முகத்தைக் காட்டுவேன். கையில் ஏதாவது வைத்து அமுக்குவார்கள். அதற்கு எங்கள் வார்டில் ‘சந்தோஷம்’ என்று பெயர். ஆண் என்றால் சந்தோஷம் கொஞ்சம் பெரிது. பெண் என்றதும் முகம் தொங்குகிற கூட்டமும் உண்டு. அவர்களிடம் பிள்ளையைச் சீக்கிரம் கொடுக்க மாட்டேன். மூக்கு யாருடையது, காது யாருடையது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, சிரிக்க வைத்துத்தான் கொடுப்பேன். அந்தச் சிரிப்புக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

வெளியே கொண்டுபோகும் முன்னால் தாய்க்கு ஒரு தடவை காட்டிவிடுவேன். “ஆயா, சீக்கிரம்” என்று சிஸ்டர்கள் விரட்டினாலும் காட்டாமல் நகர மாட்டேன்.

பதினான்கு வருடமாக இதுதான் வேலை. இதோடு பெட்பேனும் உண்டு, தரை துடைப்பதும் உண்டு. அதை எல்லாம் யார் எழுதுவார்கள்.

ஜூன் 14

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவர். நாள் முழுவதும் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

“படிச்சா சம்பளம் கூடுமா?”

“கூடும்னுதான் சொல்லுதாங்க.”

“அப்பம் படி. சாயங்காலம் சோறு நான் வடிச்சிருதேன். குழம்புதான் வராது. ரசம் வைப்பேன்.”

இருபது வருடத்தில் இவர் ரசம் வைத்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று “குட் ஈவினிங் மேடம்” என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் ஒருத்தி திரும்பி, “யாரோட அம்மா நீங்க?” என்று கேட்டாள். யாரோட அம்மாவும் இல்லை, நானும் படிக்க வந்தவள்தான் என்றேன். ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பாடம் நடத்துகிற டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கை கழுவுவது எப்படி என்று முதல் பாடம். பரவாயில்லை, அது தெரியும்.

வீட்டில் ரசம் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. முகம் சுளிக்காமல் குடித்தேன்.

ஜூலை 17

நாடி, காய்ச்சல், மூச்சு. எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுத வேண்டும். கண் செருகுகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று ரப்பர் பொம்மைப் பிள்ளையை வைத்துப் பாடம். கழுத்தைத் தாங்கி எப்படித் தூக்குவது என்று ஒவ்வொருவராகச் செய்து காட்ட வேண்டும். என் முறை வந்தது. தூக்கினேன். தூக்கியதும் கை தானாக வேலை செய்துவிட்டது. வகுப்பைப் பார்த்துத் திரும்பி, துணியை விலக்கி, “தாயும் பிள்ளையும் சுகம், முகத்தைப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி சில்லறையை எடுத்து நீட்டினாள். டீச்சரே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

“அக்கா, நீங்க பாஸ். உக்காருங்க” என்றார்.

பொம்மையைக் கீழே வைக்க ஏனோ கொஞ்சம் நேரமாயிற்று.

ஆகஸ்ட் 21

நான் வகுப்புக்குப் போகும் மாலைகளில் என் வேலையையும் ஆவுடையக்காதான் சேர்த்துப் பார்க்கிறாள். வருகிற சந்தோஷத்தில் பாதியை மறுநாள் காலையில் என் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள்.

இன்று மதியம் சாப்பிடும்போது என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். படம் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாள். “செத்துப் பிறந்தா என்ன செய்யணும்னு இதுல போட்டிருக்காட்டி?”

அந்தப் பாடம் இல்லை என்றேன். டப்பாவைக் கழுவ எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 23

இன்று வகுப்புக்குப் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. இவரும் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். இரண்டு பேரும் டி.வி. பார்த்தோம். என்ன ஓடியது என்று தெரியாது. ரசம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 25, சனி

தேர்வு முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் படுக்கை விரிக்கச் சொன்னார், பி.பி. பார்க்கச் சொன்னார், படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். வாய்க்கேள்வியில் ஒன்று தெரியவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன். இந்த வயதில் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். அது கேள்வித்தாளில் உள்ள கேள்வியா என்று தெரியவில்லை. “வேலையக் காப்பாத்திக்கிடணும் மேடம்” என்றேன். தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

நவம்பர் 8, சனி

சான்றிதழ் வந்தது. என் போட்டோ, என் பெயர், தங்க நிற முத்திரை. மேட்ரனம்மா எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். ஆவுடையக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். இவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். “போட்டோல நீ மொறைக்க” என்றார். அவ்வளவு சந்தோஷம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு மற்றதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என்னைக் கீழ்த்தளத்தில் ஆண்கள் ஆபரேஷன் வார்டில் போட்டிருக்கிறார்கள்.

நிர்வாக மேலாளரிடம் போய்க் கேட்டேன். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். “பிரசவ வார்டுக்கு டிப்ளமோ முடிச்ச பிள்ளைங்களை எடுத்தாச்சும்மா. உங்களை மாதிரி அனுபவம் உள்ளவங்க கீழேதான் வேணும். பெரிய உடம்புகளைப் புரட்டணும்ல.”

“பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுறது யாரு சார்?”

“அதுக்கு கான்ட்ராக்ட் ஆள் போதும். அது நோயாளியைத் தொடுற வேலையில வராது.”

பிள்ளை நோயாளி இல்லையாம். அதனால் அதைத் தூக்குவதற்குப் படிப்பு வேண்டாமாம். படிக்காத ஆவுடையக்கா கான்ட்ராக்டில் மேலேயே இருக்கிறாள். அங்கேயே இருக்க வேண்டும் என்று படித்த நான் கீழே வந்துவிட்டேன். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். நான் என்ன வினையை விதைத்தேன்?

நவம்பர் 11

கோட்டு இளநீலம். கழுத்து வரை பட்டன். வேர்த்துக் கொட்டுகிறது.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து கிடந்த ஆட்டோக்காரர் ஒருவர் “சிஸ்டர்” என்று கூப்பிட்டார். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்னைத்தான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இவரிடம் சொன்னேன். “இன்னொரு வாட்டி சொல்லு” என்றார்.

டிசம்பர் 1, திங்கள்

சம்பளம் வந்தது. போன மாதத்தைவிட இரண்டாயிரம் அதிகம். பிடித்தங்களைக் கழித்து, இல்லாமல் போன சந்தோஷத்தையும் கழித்துப் பார்த்தால், ஆயாவாக இருந்தபோது வீட்டுக்கு வந்ததைவிடக் குறைவு. இவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, “படிச்சதுக்கு அபராதமாளா இது?” என்றார். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

காசு போனால் போகட்டும். ஆவுடையக்கா தினமும் வீட்டுக்குப் போகும்போது என் வார்டு வாசலில் நின்று கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். “இன்னைக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைட்டி. ஒண்ணுக்குக் காதுல கூட முடி.” அவள் சொல்லி முடித்ததும் எனக்கு வேலை ஓட மாட்டேன் என்கிறது. யூரின் பையை மாற்றும்போது மேலே யாரோ அழுகிற சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. இங்கே படுத்திருப்பவர்களும் பாவம்தான். ஆனால் இவர்களை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொன்னால் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு லிஃப்ட் திறந்தது. ஆவுடையக்கா. கையில் பச்சைத் துணியில் சுற்றிய பொதி. முகத்தையும் மூடியிருந்தது. எங்கள் வார்டைத் தாண்டித்தான் பிணவறைக்குப் போக வேண்டும்.

“தாய்க்குக் காட்டினியா?” என்று கேட்டேன்.

“மாமியாக்காரி வேண்டாம்னுட்டா. பாத்தா மனசு விட்டுருமாம், அடுத்தது தங்காதாம். மேட்ரனும் சரின்னுட்டாக. நவுருட்டி.”

“அந்தப் புள்ள கேட்டாளா?”

ஆவுடையக்கா பொதியை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அப்படியென்றால் கேட்டிருக்கிறாள்.

அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். படியேறினேன். கோட்டுப் போட்டிருந்ததால் வழியில் யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “உன் பையன், பாரும்மா” என்றேன். துணியை விலக்கினேன். எல்லோரும் பயந்த மாதிரி அவள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். கால் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பெயர்கூட யோசித்து வைத்திருந்தாளாம். காதோடு சொன்னாள். அதற்குள் மாமியார் வந்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் மேட்ரனம்மாவும் மேலாளரும் வந்துவிட்டார்கள்.

நானே கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 10

மெமோ கொடுத்தார்கள். பணியிட எல்லையை மீறியது, குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக நடந்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை.

மேலாளர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “ஒரு ஆயா செஞ்சிருந்தா, தெரியாம செஞ்சுட்டாங்கன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். நீங்க சான்றிதழ் வாங்கின ஸ்டாஃப். நீங்க செஞ்சா ஆஸ்பத்திரி செஞ்ச மாதிரி. புரியுதாம்மா?”

புரிந்தது என்றேன்.

டிசம்பர் 11

நேற்று பேசாமல் போன ஆவுடையக்கா இன்று நின்று என்னைக் கூப்பிட்டாள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் பிடுங்கியதற்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அன்னைக்கும் கேட்டேன்ட்டி. காட்டிட்டுக் கொண்டு போகட்டுமான்னு. ஒன் மாமியா கும்பிட்டுக் கேட்டுக்கிட்டா, காட்டாதன்னு. நீ மயக்கத்துல இருந்த. நான் என்ன செய்வேன், அப்பம் வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம்.”

பதினான்கு வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. என் பிள்ளையைக் கொண்டுபோனது அவள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வந்த அன்றைக்கே ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வாய் வரவில்லை.

“எப்படிக்கா இருந்தா?” என்றேன்.

“தலை கொள்ளாத முடி. நல்ல செவப்பு. கீழ் உதடு மட்டும் அப்படியே நீ.” கையை ஏந்திக் காட்டி, “கனமாத்தான் இருந்தா” என்றாள்.

செப்டம்பர் இருபத்துமூன்று. பெண். தலை கொள்ளாத முடி.

எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு இவ்வளவு வருடமாகிவிட்டது.

டிசம்பர் 13

இவரிடம் சொன்னேன். முடி இருந்ததாம் என்றேன். கீழ் உதட்டையும் சொன்னேன். இவர் முற்றத்துக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அங்கேயே நின்றார். வாளி நிரம்பி வழிந்த பிறகும் மூடவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

சான்றிதழை எடுத்துக்கொண்டு மேட்ரனம்மாவிடம் போனேன். மேஜையில் வைத்தேன். “இது எனக்கு வேண்டாம்மா. என்னைப் பழையபடி ஆயாவா மேலேயே விட்ருங்க. சம்பளம் பழையதே போதும்” என்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

“நான் மட்டும் முடிவு பண்ற விஷயமா மாடத்தி இது? ஆயா வேலையே இப்போ ஆஸ்பத்திரியில கிடையாது, கான்ட்ராக்ட்தான். படிச்சவளை அந்தச் சம்பளத்துல வச்சா சோதனைக்கு வர்றவங்க எங்களைக் கேள்வி கேப்பாங்க. மேலே போனவளைக் கீழே இறக்கவும் முடியாது. வேணும்னா கண் வார்டுக்கு மாத்தித் தர்றேன். அங்கே புரட்ட வேண்டியதில்லை.”

நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். சான்றிதழை அவரே கவருக்குள் போட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் 19

பைபாஸ் ரோட்டில் புதிதாகத் தாய் சேய் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள். அங்கே ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஆவுடையக்காதான் சொன்னாள். சொல்லிவிட்டு, “ஆனா ஒனக்குத் தர மாட்டாங்கட்டி” என்றாள்.

அங்கே ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர் படித்தவர்களை எடுப்பதில்லையாம். வேறு ஊரில் சான்றிதழ் வைத்திருந்த மூன்று பெண்கள், படித்தவர்களுக்கு உண்டான சம்பளத்தைக் கொடு என்று அதிகாரியிடம் மனுக் கொடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து கைநாட்டாக இருந்தால்தான் அவனுக்குத் திருப்தி. எழுதத் தெரிந்தவள் என்றால் “போன் பண்றோம்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறானாம்.

“கைநாட்டுன்னு சொன்னா எப்படித் தெரியும் அவனுக்கு?” என்று கேட்டேன்.

ஆவுடையக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பைத்தியமாட்டி ஒனக்கு” என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

இவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னேன். பஸ் நேராக அங்கே நிற்கிறது, கோட்டு வேர்க்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சத்தமாக இவர் பேசி நான் கேட்டதில்லை.

“நாலு மாசம் நான் அடுப்புல நின்னுட்டு வந்து மறுபடியும் அடுப்புல நின்னது எதுக்குளா? இருந்த சம்பளத்தையும் விட்டுட்டு, படிக்காதவன்னு பொய் சொல்லி, குறைச்ச சம்பளத்துக்குப் போவியா? ஒன்னைய சிஸ்டர்னு கூப்பிடுதாங்கன்னு பட்டறையில எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஓனர்கிட்டகூடச் சொன்னேன். அவனுக கேட்டா என்ன சொல்லட்டும்?”

“நம்ம பிள்ளைய எனக்குக் காட்டல” என்றேன். அதுதான் வாயில் வந்தது. சண்டையில் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அதற்கப்புறம் இவர் சத்தம் போடவில்லை.

சாப்பிடும்போது, “எனக்குந்தான் காட்டல” என்றார்.

இவ்வளவு நாளும் இவர் பார்த்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22

சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து சான்றிதழை எடுத்துக் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். இவர் பார்த்தார். “கிழிச்சிராத” என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 26

ராஜினாமா கொடுத்தேன். மெமோவால் கோபித்துக்கொண்டு போவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு ஒப்படைத்தேன். குடலிறக்கக்காரர் டிஸ்சார்ஜ் ஆகி எப்போதோ போய்விட்டார். வார்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “போயிட்டு வாங்க சிஸ்டர்” என்றார்கள்.

டிசம்பர் 29, திங்கள்

பைபாஸ் ஆஸ்பத்திரியின் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் மேஜை போட்டு ஆள் எடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள். பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். காலையில் படிக்கிற கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, அப்புறம் அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

மேஜையில் இருந்தவன் கான்ட்ராக்டருடைய மச்சினனாம். தலையைத் தூக்காமலே கேட்டான்.

“படிப்பு?”

“இல்லைங்க.”

“பேராச்சும் எழுதுவியா?”

“தெரியாதுங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். நல்ல பல்வரிசை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டி எனக்குப் படித்துக் காட்டினான். மாதச் சம்பளம் இவ்வளவு. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதற்கும் சம்பளம் உண்டு. பி.எஃப். உண்டு. தீபாவளிக்குப் புடவை. “நல்ல இடம்மா, நம்பி வா” என்றான்.

தாள் எனக்குத் தலைகீழாக இருந்தது. கண்ணாடியும் இல்லை. ஆனாலும் எழுத்து பெரிய எழுத்து. அவன் சொன்ன சம்பளம் அதில் இல்லை. அதைவிட மூவாயிரம் குறைவாக இருந்தது. லீவு எடுத்தால் அன்றைய கூலி கிடையாது என்று இருந்தது. பி.எஃப். என்ற வார்த்தையே இல்லை. எந்த நாளும் எந்த அதிகாரியிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரிக்கு மேலேதான் அவன் விரல் இருந்தது. புடவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வெளங்குச்சா?” என்றான்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவளுக்கு, என் மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். அவளும் இதையேதான் கேட்கப் போகிறாள். வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் இருந்தது. மாடியில் எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது. பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்க வேண்டும், அந்த அழுகை எனக்குத் தெரியும்.

“வெளங்குச்சுங்க” என்றேன்.

என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, தாளில் வைத்து உருட்டினான். எழுதத் தெரிந்த விரல் என்று அவனுக்குத் தெரியக்கூடாதே என்று கையைத் தளர விட்டேன்.

பின்னால் நின்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினேன். உடனே வேலைக்கு நிற்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று மணிக்கு ஒரு பெண் பிள்ளை. சிஸ்டர் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். விரலில் மை இன்னும் காயவில்லை. வெள்ளைத் துணியில் பட்டுவிடாமல் கட்டைவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு பிள்ளையை வாங்கினேன்.